புதுப்பிப்பு: ஆக்டிவ்எம்க்யூ ஸ்டாண்ட்பை பொறுப்பேற்காத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் ஓடும் இரண்டு சர்வர்கள், பொதுவான என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே பகிரும்) டிஸ்க்கில் ஒரே கஹாடிபி (மெசேஜ் சேமிப்பு). அதன் லாக்கை (பூட்டை) வைத்திருப்பது முதன்மை, அதற்காகக் காத்திருக்கும் மாற்று சர்வர் ஸ்டாண்ட்பை. முதன்மை சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கினால் ஸ்டாண்ட்பை லாக் கிடைக்காமல் காத்துக்கொண்டே இருந்தது.

என்எஃப்எஸ் பதிப்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்தது (சர்வரில் இணைந்திருந்தது) பதிப்பு 3-இல். அதில் ஆக்டிவ்எம்க்யூ ப்ராசஸை மட்டும் கொன்றால் கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) லாக்கை விட்டுவிடும். அதனால் சோதனையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. இயந்திரமே செத்தால் லாக்கை விடச் சொல்ல ஆள் இல்லை. பதிப்பு 4-இல் லாக் லீஸுக்கு (காலக்கெடு உள்ள உரிமைக்கு) கட்டுப்பட்டது; புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். இரண்டு சர்வரிலும் 4-க்கு மாற்றினோம், ஸ்டாண்ட்பை தானாக எழுந்தது. உடனே இல்லை: லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் லீஸ் இயல்பாக 90 வினாடி. அவசரமென்றால் குறைக்கலாம், நாங்கள் தொடவில்லை.

கிளையன்ட் பக்கம் ஃபெயிலோவர் முகவரியில் (ஒன்று விழுந்தால் அடுத்ததற்குப் போகும் முகவரி) இரண்டு சர்வரையும் கொடுத்தால் போதும், இணைப்புகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் நடுவில் வேண்டாம்.

எதிர்பாராதது இரண்டு. லாக் கிடைக்கும்வரை, கிளையன்ட்கள் இணையும் 61616 போர்ட்டை ஸ்டாண்ட்பை திறப்பதே இல்லை, அதனால் கண்காணிப்பு மென்பொருள் அது செத்துவிட்டதென்று ராத்திரி முழுக்க அலறியது. அப்புறம், கன்ஸ்யூமர் (மெசேஜை வாங்கும் நிரல்) ஒப்புகை தராத மெசேஜ்கள், ஸ்டாண்ட்பை பொறுப்பேற்ற பிறகு மறுபடி வந்தன. ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, கன்ஸ்யூமரில் ஆர்டர் எண்ணை வைத்து வடிகட்டுகிறோம்.