4கே டிஸ்க்குன்னு அட்டையில போட்டிருக்கே, உள்ளயும் 4கே தானா?

தக்கலைக்காரன்:
மக்களே ஒரு சந்தேகம். சவுதியில இருக்க மச்சான் லீவுக்கு வரும்போ 4கே அல்ட்ரா எச்டி புளூரே டிஸ்க் கொஞ்சம் கொண்டுட்டு வாறேன்னு சொல்லுதாரு. வீட்டுல 55 இஞ்ச் 4கே டிவி இருக்கு, பழைய புளூரே பிளேயரும் கெடக்கு. நாகர்கோவில்ல ஒரு கடையில கேட்டா, அதெல்லாம் அட்டையில போடுறதாக்கும், உள்ள சாதா எச்டி தான்னு சொல்லுதான். உள்ளதா?

வடசேரிவாசி:
பாதி உள்ளது. டிஸ்க்ல இருக்க படம் 3840 x 2160 தான், அதுல கள்ளத்தனம் கெடையாது. சாதா புளூரே 1920 x 1080, அப்போ பிக்சல் நாலு மடங்கு. ஆனா ஒருபாடு படங்கள கேமராவுல என்ன தரத்துல எடுத்தாலும் கலர், கிராபிக்ஸ் எல்லாம் சேத்து கடைசி மாஸ்டர் (எல்லா காப்பிக்கும் மூலப் பதிவு) 2கேல தான் முடிச்சிருக்காங்க, அதாவது அகலம் 2048 பிக்சல், அத பொறவு இழுத்து பெருசாக்கி டிஸ்க்ல அடிச்சிட்டா அட்டையில 4கேன்னு தான் இருக்கும். கடைக்காரன் எங்கயோ இத கேட்டிருப்பான். 35 எம்எம் பிலிம்ல எடுத்த பழைய படத்த நெகட்டிவ்ல இருந்து 4கே ஸ்கேன் பண்ணி போட்டா, பொறவு வந்த கிராபிக்ஸ் படத்தவிட அது தெளிவா நிக்கும். எனக்கு பிடிச்சது அந்த மாதிரி டிஸ்க் தான்.

குளச்சல்காத்து:
எல்லாரும் பிக்சலயே எண்ணிட்டு இருக்கிய. 10 அடி தள்ளி இருந்து 55 இஞ்ச்ல பாத்தா 4கேக்கும் நல்ல புளூரேக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க கஷ்டம். கண்ணுல அடிக்கது எச்டிஆர் தான், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே நேரம் தெளிவா காட்டுற முறை. இருட்டு சீன்ல கருப்பு சட்டையோட மடிப்பு கூட தெரியும், பின்னால எரியுற பல்பும் வெளிறிப் போவாது. அது 2கே மாஸ்டர் படத்துலயும் கெடைக்கும். 10 பிட் கலருங்கதால வானம் பட்டை பட்டையா தெரியாது.

வடசேரிவாசி:
அதுவும் சரி தான். பிட்ரேட்டயும் (நொடிக்கு எவ்வளவு டேட்டா வருதுங்கது) சேத்துக்கிடுங்க, நெட்பிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் நெட் போதும்ங்குது, 100 ஜிபி டிஸ்க் 100 எம்பிபிஎஸ்க்கு மேலயும் போவும். மழையடிச்சு நெட் படுத்தாலும் படம் மங்காது. அதுக்காக டிஸ்க்கும் அமுக்காத படம் இல்ல, அமுக்காம 2 மணி நேர 4கே படத்த வச்சா 2,500 ஜிபிக்கு மேல வரும், பின்ன அத எந்த தட்டுல வைக்க?

தக்கலைக்காரன்:
அப்போ பழைய பிளேயர்ல போட்டா ஓடுமா?

குளச்சல்காத்து:
ஓடாது அண்ணே. அல்ட்ரா எச்டி புளூரே 2016ல தான் கடைக்கு வந்துது, டிஸ்க்கும் வேற, கோடெக்கும் (படத்த அமுக்குற முறை) வேற. தனி பிளேயர் வேணும், இல்லேன்னா டிஸ்க் போடுற மாடல் பிஎஸ்5 (ப்ளேஸ்டேஷன் கேம் பெட்டி). பிஎஸ்4 ப்ரோல ஓடாது, அத யாராவது தலையில கட்ட பாப்பாங்க, பாத்துக்கிடுங்க. இந்த டிஸ்க்குக்கு ரீஜன் கோடு (இன்ன நாட்டு பிளேயர்ல தான் ஓடும்ங்குற பூட்டு) கெடையாது, அதனால சவுதியில வாங்கினாலும் இங்க ஓடும், ஆனா கூட வாற சாதா புளூரேக்கு ரீஜன் இருக்கலாம். டிவியில எச்டிஎம்ஐ செட்டிங் ஒண்ணு ஆப்ல கெடக்கும், அத ஆன் பண்ணலேன்னா ஒருபாடு டிவியில எச்டிஆர் வராது.

வடசேரிவாசி:
மச்சான்கிட்ட, டிஸ்க் வாங்குறதுக்கு முன்ன ஒவ்வொரு படத்துக்கும் மாஸ்டர் 2கேயா 4கேயான்னு நெட்ல தேடிப் பாக்கச் சொல்லுங்க. பிளேயர் வாங்காம டிஸ்க்க மட்டும் கொண்டு வரச் சொல்லிராதிய.