ஏஞ்சலா பணம் போட்ட அனுபவம் – உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

கோயம்புத்தூர், பம்ப்செட் ஸ்பேர்ஸ் தொழில்

வணக்கங்க. பீளமேடு பக்கம் சின்ன யூனிட் வச்சிருக்கேன். 2018ல இருந்து இதுவரைக்கும் ஏஞ்சலா, அதாவது ஆரம்பக் கட்டத்துலயே சொந்தக் காச போட்டு பங்கு வாங்கறவனா, நாலு ஸ்டார்ட்அப்ல பணம் போட்டிருக்கேன், ரெண்டு மூடியாச்சு, ஒண்ணு நல்லா ஓடுது, இன்னொண்ணு ஓடுதா நிக்குதான்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. முதல் கதைய முழுசா எழுதறேன், ஏன்னா அதே தப்ப இப்பவும் தெரிஞ்சவங்க பண்றாங்க, பாக்கறப்ப மனசு கேக்க மாட்டேங்குது.

மச்சினனுக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வந்தார். சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல உலோகம் கடையற மெஷின்) சும்மா நிக்கிற நேரத்த வேற கம்பெனிக்கு ஜாப் பண்ண குடுக்கற மாதிரி ஒரு ஆப். எனக்குத் தெரிஞ்ச தொழில், அதனால உடனே புடிச்சுப் போச்சு. கம்பெனி மதிப்பு 2 கோடின்னாங்க, நாங்க அஞ்சு பேர் ஆளுக்கு 10 லட்சம், ஆக 50 லட்சம் சேந்து இரண்டரைக் கோடி, எனக்கு 4 சதவீதம். கணக்கு சரிதான்னு அன்னிக்கே ஆர்டிஜிஎஸ் பண்ணிட்டேன்.

அடுத்த வருஷம் ரிட்டர்ன் போடறப்ப ஆடிட்டர், லிஸ்ட் ஆகாத கம்பெனி ஷேர் இருந்தா தனியா காட்டணுங்க, சர்டிபிகேட் குடுங்கன்னார். அப்பதான் யோசிக்கறேன், என் கைல ஒரு பேப்பரும் இல்ல. எம்சிஏ (மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகம்) வெப்சைட்ல 100 ரூபா கட்டினா எந்தக் கம்பெனி தாக்கல் பண்ண பேப்பரையும் யார் வேணா பாக்கலாம், அது கூட அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். பாத்தா எங்களுக்கு ஷேர் ஒதுக்கின பிஏஎஸ்-3 ஃபாரமே போடல. கம்பெனி சட்டம் 42வது பிரிவுப்படி பணம் வந்த 60 நாளுக்குள்ள ஷேர் ஒதுக்கணும், இல்லைன்னா அடுத்த 15 நாள்ல திருப்பிக் குடுக்கணும், அதையும் தாண்டினா 12 சதவீத வட்டி, ஒதுக்கற வரைக்கும் தனி பேங்க் அக்கவுண்ட்ல பணம் அப்படியே இருக்கணும். இங்க பணம் சம்பளத்துக்கும் ஆஃபீஸ் அட்வான்ஸுக்கும் போய் முடிஞ்சிருந்துச்சு. அந்தத் தம்பி ஏமாத்தணும்னு பண்ணல, அவருக்கு இந்த விதியே தெரியல, எங்க அஞ்சு பேருக்கும் தெரியல. வக்கீல் லெட்டர் போனப்புறம்தான் ஷேர் வந்துச்சு, 2020ல கம்பெனிய மூடிட்டாங்க.

பேப்பர விட எனக்கு இன்னிக்கும் வலிக்கறது வேற. நம்ம ஊர்ல முன்னபின்ன தெரியாத பட்டறைக்கு யாருங்க டிராயிங்க குடுப்பாங்க, ஜாப் ரிஜக்ட் ஆச்சுன்னா மெட்டீரியல் காசு யார் தலைல விழும், இது என் பட்டறைல மாசாமாசம் பாக்கற சண்டை. அந்த ஒரு கேள்விய நான் கேட்டிருந்தா அவரும் ஆறு மாசம் முன்னாடியே யோசிச்சிருப்பார். காசு போடற ஆள் காசு மட்டும் போட்டுட்டு வாய மூடிட்டு இருந்துட்டேன், ஐடி பசங்களுக்கு நம்மளவிட தெரியும்னு நெனச்சுட்டேன்.

நீங்களும் எழுதுங்க, நல்லது நடந்திருந்தாலும் எழுதுங்க.


சென்னை, ஐடி வேலைல இருந்து விலகினவங்க

சார், பேப்பர் எல்லாம் சரியா இருந்தும் எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். 2018ல 3 கோடி மதிப்புல (எங்க பணத்தையும் சேர்த்து) 5 லட்சம் போட்டேன், 1.67 சதவீதம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஃபண்ட் (பலபேர் பணத்த சேர்த்து முதலீடு பண்ற அமைப்பு) 8 கோடி போட்டு 40 சதவீதம் எடுத்தாங்க, என்னோடது 1 சதவீதமா குறைஞ்சுது, ஆனா கம்பெனி மதிப்பு 20 கோடி ஆயிடுச்சே, என் 5 லட்சம் 20 லட்சம் ஆச்சுன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். 2022ல கம்பெனிய 9 கோடிக்கு வித்தாங்க. நான் 1 சதவீதம்னா 9 லட்சம் வரும்னு நெனச்சேன், வந்தது 1 லட்சத்து 67 ஆயிரம்.

காரணம் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். ஃபண்டுக்கு இருந்தது சிசிபிஎஸ், அதாவது பின்னாடி கட்டாயமா ஈக்விட்டியா மாறற முன்னுரிமைப் பங்கு, எங்களுக்கு சாதா ஈக்விட்டி. விக்கறப்ப போட்ட 8 கோடிய அவங்க முதல்ல எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு, மிச்சம் 1 கோடிய நாங்க எல்லாரும், ஃபவுண்டர்களும் சேர்த்து 60 சதவீதக்காரங்க பிரிச்சுக்கணும். யாரும் எதையும் மறைக்கல, அந்த ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்ட்ல நானும்தான் கையெழுத்து போட்டிருக்கேன். புதுசா பணம் வர்ற ரவுண்ட் நடக்குற சந்தோஷத்துல 70 பக்கத்த யாரு படிக்கிறா! இப்பல்லாம் முதல் ரவுண்டுலயே எனக்கும் சிசிபிஎஸ் தான் வேணும்னு கேக்கறேன், குடுக்கறாங்க, கேட்டா குடுக்கறாங்க.

இன்னொண்ணு, நஷ்டத்த டாக்ஸ்ல எப்படிக் காட்டறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. கம்பெனி படுத்துடுச்சுன்னு நாம மனசுல எழுதிட்டா நஷ்டம் ஆகாது, பொதுவா ஷேர் கைமாறினாத்தான் கணக்கு. லிஸ்ட் ஆகாத ஷேர 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா லாங் டெர்ம், அந்த நஷ்டத்த லாங் டெர்ம் லாபத்துல மட்டும்தான் கழிக்க முடியும், 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போகலாம், ஆனா ரிட்டர்ன கடைசித் தேதிக்குள்ள போட்டிருக்கணும். என் நஷ்டமும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா கழியுது.


மதுரை, பணம் வாங்கின பக்கத்துல இருந்தவன்

அண்ணே, அக்கா, நான் ஃபவுண்டரா இருந்தவன், எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். 2019ல 11 பேர்கிட்ட வாங்கினோம், மல்லிப்பூவ தோட்டத்துல இருந்து நேரா கல்யாண மண்டபம், ஹோட்டல்னு ஐஸ் பெட்டில அனுப்பற தொழில். மாட்டுத்தாவணி மார்க்கெட்ல காலைல ஒரு விலை பத்து மணிக்கு ஒரு விலை, அத புடிக்கத்தான் ஆப். ஏழு மாசம் நல்லாத்தான் போச்சு. 2020 மார்ச்ல லாக்டவுன், கோயில் மூடியாச்சு, கல்யாணம் நின்னுபோச்சு, பூவ பறிக்கற கூலி கூட பூவுல வரல.

நான் செஞ்ச தப்பு அதுக்கப்புறம்தான். மாசாமாசம் அனுப்பிட்டு இருந்த அப்டேட் மெயில நிறுத்திட்டேன். ஃபோன் வந்தா எடுக்கல. என்னத்த சொல்றதுன்னு தெரியல, அவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கூச்சம், அடுத்த மாசம் சரியாயிடும் அப்ப சொல்லிக்கலாம்னு அஞ்சு மாசம் ஓடிருச்சு. பணம் போட்டதுல ஒருத்தர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், திருநெல்வேலில இருந்து பஸ் ஏறி ஆஃபீஸுக்கே வந்துட்டார். திட்டுவார்னு நெனச்சேன். உக்காந்து ஸ்டேட்மென்ட காட்டுங்க தம்பின்னார், இருக்கறது இத்தன சம்பளத்துக்கு வரும்னு பேனாவால எழுதினார், ரெண்டே மாசம். அப்புறம் இந்த நம்பர இன்னிக்கே எல்லாருக்கும் அனுப்புங்கன்னார்.

அனுப்பினேன். மூணு பேர் கண்டபடி பேசினாங்க, பேச வேண்டியதுதான். ஒருத்தர் ரெண்டு ஹாஸ்டலுக்கு காய்கறி அனுப்பற ஆர்டர் புடிச்சுக் குடுத்தார், அதுல இன்னும் எட்டு மாசம் வண்டி ஓடிச்சு. அஞ்சு மாசம் முன்னாடியே சொல்லிருந்தா கைல பணமும் இருந்திருக்கும், தொழிலையே மாத்தியிருக்கலாம். 2021ல மூடினோம். வண்டிய வித்து சம்பளமும் தோட்டக்காரங்க பாக்கியும் குடுத்தோம், ஏஞ்சல்ஸுக்கு ஒரு ரூபா மிஞ்சல.

மூடறதும் லேசு இல்லண்ணே. பேர நீக்கச் சொல்லி எஸ்டிகே-2 ஃபாரம் போடணும், ஃபீஸ் 10,000, பாக்கி ரிட்டர்ன் எல்லாம் முடிச்சிருக்கணும், அதோட ஸ்பெஷல் ரெசல்யூஷன் (பங்குதாரர் கூட்டத்துல நாலுல மூணு பங்கு ஓட்டு வாங்கின தீர்மானம்), இல்லைன்னா 75 சதவீத பங்கு வச்சிருக்கறவங்க சம்மதம் வேணும். ஃபோன் எடுக்காம இருந்த அதே ஆளுங்ககிட்ட கையெழுத்துக்கு வீடு வீடா போனேன். போட்டுக் குடுத்தாங்க. அந்த பேங்க் சார் அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டார், எனக்கு வாசல்லயே கண்ணு கலங்கிருச்சு.


ஈரோடு

எல்லாரும் மனசத் தொறந்து எழுதிருக்கீங்க, நன்றிங்க. நான் இன்னும் போடல. கைல 25 லட்சம் இருக்கு, ஒரே கம்பெனில போடச் சொல்றாங்க. ஏஞ்சல் டாக்ஸ் எடுத்துட்டாங்க இனி பயமில்லைங்கறாங்க, நெசமாங்க?


கோயம்புத்தூர், பம்ப்செட் ஸ்பேர்ஸ் தொழில்

ஈரோடு அண்ணா, ஒரே இடத்துல போடாதீங்க, உரிமை எடுத்துக்கிட்டு சொல்றேன். அது புள்ளைங்க படிப்புக்கு வச்ச பணம்னா எங்கயுமே போடாதீங்க. ஏஞ்சல் டாக்ஸ் 2012ல வந்துச்சு, 2024 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க, நெசந்தான். ஆனா அது, ஷேர நியாயமான மதிப்புக்கு மேல வித்தா அந்தக் கூடுதல் பணத்துக்கு கம்பெனி மேல விழுந்த வரிங்க, நம்ம பணம் முழுகறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு டிபார்ட்மென்ட் இப்பவும் கேக்கலாம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன் எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க.

சென்னை மேடம், உங்க பதிவ படிச்சுட்டு நேத்து நைட்டு நாலு அக்ரிமென்ட்டையும் எடுத்துப் படிச்சேன். ரெண்டுல நானும் சாதா ஈக்விட்டிதான்.

மதுரை தம்பி, நீங்க எழுதினதத்தான் நான் ரெண்டு தரம் படிச்சேன். ஓடுதா நிக்குதான்னு தெரியலைன்னு மேல சொன்னேனே, அந்தக் கம்பெனில இருந்து மார்ச்சுக்கு அப்புறம் மெயில் இல்ல. நானும் கோவத்துல ஃபோன் பண்றத நிறுத்திட்டேன். அந்தப் பையன் ஓசூர்ல இருக்கார், சனிக்கிழமை போறேன், போய் முதல்ல சாப்ட்டியான்னு கேட்டுட்டு ஸ்டேட்மென்ட கேக்கலாம்னு இருக்கேன்.

நல்லா ஓடற கம்பெனி பத்தி உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். அடுத்த ரவுண்டு 1 கோடியே 25 லட்சம் எடுக்கறாங்க, என் பங்கு 2 சதவீதம் குறையாம இருக்கணும்னா ப்ரோ-ரேட்டால, அதாவது இப்ப இருக்கற பங்கு விகிதப்படி, இரண்டரை லட்சம் போடணும். இந்த ரவுண்டுல வர்ற ஃபண்டுக்கு பிரிஃபரன்ஸ் இருக்கு, எனக்கும் அதே ஷேர் குடுங்கன்னு கேக்கலாங்களா, யாராவது கேட்டு வாங்கிருக்கீங்களா? பதில் சொல்ல பத்து நாள் டைம் இருக்கு.