புதுப்பிப்பு: அந்த ஈற்றடி சரியாகிவிட்டது

போன வாரம் என் முதல் வெண்பாவைப் போட்டுவிட்டு, ‘அருமை’, கைகூப்பும் பொம்மை தவிர யாரும் எதுவும் சொல்வதில்லை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? நேற்று ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தனியே எழுதினார். ஈற்றடியில் (கடைசி அடியில்) தளை தட்டுகிறதாம், அதாவது அடுத்தடுத்த சீர்கள் வெண்பா இலக்கணப்படி இணையவில்லையாம்.

‘கூரை நனைத்தது மழை’ என்று முடித்திருந்தேன். ‘நனைத்தது’ கருவிளம், அதாவது நிரையசையில் முடியும் ‘விளம்’ வகைச் சீர். விளத்தை அடுத்து நேர் (மெய்யைக் கணக்கிடாமல் ஓரெழுத்து அசை) வர வேண்டும், ‘மழை’யோ நிரை (ஈரெழுத்து அசை). “அந்தத் ‘து’வை எடுத்துடுங்க தம்பி” என்றார். ‘கூரை நனைத்த மழை’. இப்போது ‘நனைத்த’ நேரசையில் முடியும் ‘மா’ வகைச் சீர். மாவை அடுத்து நிரை வரலாம், ‘மழை’யும் வெண்பா முடிவதற்கான வாய்பாடுகளில் ஒன்றான ‘மலர்’. அவ்வளவுதான்!

அப்புறம்தான் உறைத்தது: அவருடைய கவிதைக்கு நானும் வெறும் ‘அருமை’தான் போட்டிருந்தேன். இன்று உட்கார்ந்து படித்து, மூன்றாம் அடியில் மோனை வலிந்து வந்திருப்பதாக எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.