அப்பா வயித்து வலி: அப்டேட்

போன வாரம் போட்டிருந்தேன்ல, அப்பாவுக்கு வலது பக்கம் அடிவயிறு வலி, காய்ச்சல், அப்பெண்டிக்ஸா இருக்குமோன்னு. அது அப்பெண்டிக்ஸ் இல்லைங்க, மீன் முள்ளு!

இங்க மும்பைல, செம்பூர்ல பக்கத்துலயே இருக்கற சின்ன ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்ல, கேஸ்தான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, ரெண்டு நாள்ல வலி ஜாஸ்தியாகி சயான் பக்கம் வேற எடத்துக்கு கூட்டிட்டு போனோம், அங்க சிடி ஸ்கேன்லதான் தெரிஞ்சுது, சிறுகுடலோட கடைசி பகுதில கோடு மாதிரி வெள்ளையா ஒண்ணு, சுத்தி வீக்கம். மீன் முள்ளு நெறைய நேரம் எக்ஸ்ரேல தெரியாதாம், சிடிதான் கரெக்டா காட்டுமாம். முள்ளு மெதுவா குத்தறதால அந்த ஓட்டைய சுத்தி இருக்கற கொழுப்பு வந்து மூடிக்கும், அதனால குடல்ல ஓட்டை விழுந்தா வழக்கமா வெளிய கசியற காத்து கூட அப்பாவோட ஸ்கேன்ல தெரியல.

எப்ப முழுங்கினீங்கன்னு கேட்டா "நானா? இல்லவே இல்ல"ன்றார். பத்து நாள் முன்னாடி பாங்டா கொழம்பு, அதான் நம்ம ஊரு அயலை மீன், வச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அவருக்கு மேல் பல்செட். அண்ணத்த பல்செட் மூடிடறதால முள்ளு இருக்கறதே வாய்ல சரியா தெரியாதுன்னு சர்ஜன் சொன்னார், நெறைய பேருக்கு முழுங்கினதே ஞாபகம் இருக்காதாம்.

லேப்ராஸ்கோப்பில, அதாவது வயித்துல சின்ன துளை போட்டு கேமரா விட்டு, முள்ள எடுத்துட்டு ஓட்டைய தச்சாங்க, குடல வெட்ட வேண்டி வரல. ஆன்டிபயாடிக் போகுது, நேத்துதான் கஞ்சி ஆரம்பிச்சோம்.

முள்ளு எறங்க வாழைப்பழம் முழுங்க சொன்ன சித்தப்பா, சாரி, நாங்க அதையும் பண்ணி பாத்தோம்.