தொலைநிலைக் கற்பித்தலுக்கு எந்தச் செயலி? மூதூர்ப் பக்கப் பாடசாலைக்கு உதவி தேவை

கேள்வி – கணித டீச்சர், மூதூர்

வணக்கம். மூதூர் வலயத்தில் தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 9 முதல் 11 வரை கணிதம் படிப்பிக்கிறேன். மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகாவலி பெருகி வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தண்ணீர் ஏறினால் பாதை போய்விடும். இடம்பெயர்ந்த சனம் வந்து தங்குவதும் பாடசாலைக் கட்டடத்தில்தான். அதனால் இம்முறை முன்கூட்டியே ஆயத்தமாக இருப்போம் என்று சொன்ன அதிபர், முழுப் பாடசாலைக்கும் ஒரே செயலியாகத் தெரிந்து தரும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்.

பரீட்சார்த்தமாகத் தரம் 10க்கு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சூமில் நேரலை வகுப்பு வைத்தேன். 34 பிள்ளைகளில் 13 பேர் வந்தார்கள். ஐந்து பேரின் இணைப்பு பாதியில் அறுந்தது. "டீச்சர் கேக்குதா", "டீச்சர் கேக்கேல்ல" என்பதிலேயே பத்து நிமிடம் போய்விட்டது. இருபடிச் சமன்பாட்டில் முதல் உதாரணம் முடிய முன்னரே இலவசக் கணக்கின் நேரம் முடிந்து எல்லோரும் வெளியே. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

நேரலைக்கு சூம், கூகுள் மீட், வீட்டுவேலை கொடுத்துத் திருத்த கூகுள் கிளாஸ்ரூம், பாடங்களை இணையத்தில் வைத்து நடத்த மூடில் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். அபிவிருத்திச் சங்கத்திடம் காசு கேட்டுக் கட்டணக் கணக்கு எடுத்தால் இது தீருமா? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – ஐ.சி.டி. சேர், கிண்ணியா

டீச்சர், காசு கட்ட அவசரப்பட வேண்டாம். சூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். இரண்டிலும் நூறு பேர் வரை வரலாம். அந்தக் கூடுதல் 20 நிமிடத்துக்காக மாற வேண்டுமென்றால் இன்றைக்கே மாறலாம், ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் உங்கள் பிரச்சினை அந்த 20 நிமிடம் இல்லை. வராத 21 பேர்தான். அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டீர்களா? போன் இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டாம். வகுப்பு நேரத்தில் அது வீட்டில் நிற்கிறதா என்று கேளுங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது நானும் அதைக் கேட்காமல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கணித டீச்சர், மூதூர்

சேர், நீங்கள் சொன்னபடி நான்கு நாளாக எல்லா வீட்டையும் விசாரித்தேன். 34 வீட்டில் 26இல் ஸ்மார்ட் போன் இருக்கிறது. ஐந்து வீட்டில் பட்டன் போன். மூன்று வீட்டில் எதுவும் இல்லை.

26 என்றதும் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் விஷயம் விளங்கியது. காலையில் வீட்டில் நிற்பது 14 போன் மட்டும். தகப்பன் கடலுக்குப் போனால் போனும் தோணியில் போகிறது. கூலிக்குப் போகிறவரின் போன் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்பும். ஒரு வீட்டில் ஒரே போனுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் எங்கள் பாடசாலைதான். ஒரே நேரத்தில் மூன்று டீச்சர்மார் நேரலை வைத்தால் அந்தத் தாய் யாருக்குக் கொடுப்பார்?

பதில் – ஐ.சி.டி. சேர், கிண்ணியா

இப்போது பாதி வேலை முடிந்தது. உங்களுக்குத் தேவை, பிள்ளைக்குப் போன் கிடைக்கும் நேரத்தில் பாடமும் அங்கே காத்திருப்பது. நேரலை இரண்டாவது.

டேட்டாக் கணக்கையும் பார்ப்போம். நேரலையில் முகம் தெரிய வீடியோ ஓடினால் 40 நிமிடத்துக்குச் சில நூறு எம்பி போகும். வீடியோவை நிறுத்தி வெறும் குரல் என்றால் 25 எம்பி அளவில் முடியும். அசையாத ஒரு பக்கத்தைத் திரையில் பகிர்ந்தாலும் பெரிதாகக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல்பதிவு ஒன்று ஏறக்குறைய ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். பத்து ரூபாய்க்கும் பார்த்து ரீலோட் போடுகிற வீட்டில் இந்த வித்தியாசம்தான் பிள்ளை படிப்பதையும் விடுவதையும் தீர்மானிக்கிறது.

இன்னொன்று. 1980 முதல் அரசாங்கம் பாடநூலை இலவசமாகத் தருகிறது. போன் இல்லாத அந்த மூன்று பிள்ளைகளிடமும் கணிதப் புத்தகம் இருக்கிறது, அதுதான் உங்கள் முதல் தளம். புத்தகம் நனைந்தவர்களுக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதி பிடிஎப் ஆக இருக்கிறது. "இத்தனையாம் பக்கத்தை எடு, இரண்டாவது உதாரணத்தில் விரலை வை, இந்த வரியில் ஏன் குறி மாறியது என்று பார்" என்று நீங்கள் குரலில் சொன்னால் போதும். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவும் தேவையில்லை.

பதில் – பௌதிகவியல் ஆசிரியர், திருகோணமலை நகர்

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். குரல்பதிவை மட்டும் நம்பினால் பிள்ளை கேட்டதா, விளங்கியதா என்று நமக்குத் தெரியாது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை நிறுத்தப்பட்டபோது நான் பதிவு பதிவாக அனுப்பினேன். திரும்ப வகுப்புக்கு வந்து பார்த்தால் பாதிப் பேர் திறந்தே பார்க்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கிற தரம் 11க்குச் சந்தேகம் கேட்க ஒரு நேரலை கட்டாயம் வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது, இரவு ஏழரைக்கு வையுங்கள். சூமில் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் தேவையில்லை, இணைப்பைத் தொட்டாலே வரலாம். காத்திருப்பு அறையைப் போட்டு, பெயரைப் பார்த்து உள்ளே எடுங்கள். கணிதம் என்றபடியால் நான்கு புத்தகத்தை அடுக்கி அதன் விளிம்பில் போனை வைத்து, கமரா கீழே பார்க்க, கொப்பியில் எழுதிக் காட்டுங்கள். முகத்தை விட உங்கள் கைதான் அவர்களுக்கு வேண்டும்.

பதில் – ஐ.சி.டி. சேர், கிண்ணியா

சேர் சொல்வது சரி, தரம் 11க்கு அதை ஏற்றுக்கொள்கிறேன். திறந்து பார்த்தார்களா என்பதற்கு ஒரு வழி: ஒவ்வொரு குரல்பதிவின் முடிவிலும் ஒரே ஒரு கணக்கு. விடையை அன்றிரவே அனுப்ப வேண்டும். பட்டன் போன் வீடுகள் எஸ்எம்எஸ்ஸில் விடையை மட்டும் அனுப்பலாம்.

கிளாஸ்ரூம் பற்றிக் கேட்டீர்கள். திருத்துவதற்கு அதைப்போல் வசதி வேறில்லை. பிள்ளை கொப்பியைப் படம் எடுத்துப் போட்டால் போனிலேயே சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பலாம், யார் தரவில்லை என்றும் ஒரே பார்வையில் தெரியும். சிக்கல் கூகுள் கணக்குத் திறப்பதில்தான். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது, ஆகவே தரம் 6, 7க்குப் பெற்றோர் வழியாகத்தான் போக வேண்டும். மூன்று பிள்ளைக்கு ஒரு போன் என்றால் கணக்கு மாற்றி மாற்றி ஒருவரின் வேலை மற்றவரின் பெயரில் போய்ச் சேரும். தரம் 10, 11க்கு மட்டும் தொடங்குங்கள். மூடில் நல்ல மென்பொருள், இலவசமும்கூட. ஆனால் வழங்கி (சேர்வர்) வைத்துப் பராமரிக்க நிரந்தரமாக ஒருவர் வேண்டும், அந்த ஆள் இடமாற்றம் ஆகிப் போனால் எல்லாம் நின்றுவிடும். உங்கள் பாடசாலைக்கு இப்போது வேண்டாம்.

பதில் – ஒரு தாய், நிலாவெளி

டீச்சர், வாட்ஸ்அப் குழு தொடங்குவதென்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். என் மகளின் வகுப்புக் குழுவில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அதிலிருந்து நம்பரை எடுத்து யாரோ இரவு பதினொரு மணிக்கு அவளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளை ஒரு மாதம் எங்களிடம் சொல்லவில்லை, போனைத் தொடவே பயந்தாள். பொம்பிளைப் பிள்ளைகளை வைத்திருக்கிற எங்களுக்கு முதலில் இதற்கு ஒரு வழி வேண்டும். பாடம் அதற்குப் பிறகு.

பதில் – ஐ.சி.டி. சேர், கிண்ணியா

அக்கா, சொன்னதற்கு நன்றி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டீச்சர், சாதாரணக் குழுவாகத் தொடங்காமல் வாட்ஸ்அப் கம்யூனிட்டியாகத் தொடங்குங்கள். அதன் அறிவிப்புப் பகுதியில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடுவார்கள். ஒருவரின் நம்பர் நிர்வாகிக்கும் அவரை ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருப்பவருக்கும்தான் தெரியும், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. விடைகளை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். நிர்வாகியாக அதிபரும் இன்னொரு டீச்சரும் கூட இருக்கட்டும். முடிந்தால் பாடசாலைக்கென்று தனி சிம் ஒன்று எடுங்கள், உங்கள் சொந்த நம்பரும் தப்பும்.

கணித டீச்சர், மூதூர் (இரண்டு கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தனி சிம்மில் கம்யூனிட்டி தொடங்கினோம். பின்னேரம் ஐந்து மணிக்குக் குரல்பதிவு, ஆறு நிமிடத்துக்கு மேல் இல்லை. முதல் பதிவை நான்கு முறை திரும்பப் பேசினேன். கரும்பலகை இல்லாமல் இருபடிச் சமன்பாட்டை வாயால் விளக்குவது அவ்வளவு கடினம். பக்க எண்ணைச் சொல்லி விரலை வைக்கச் சொன்ன பிறகுதான் ஓடத் தொடங்கியது. 26 வீட்டில் 22 பிள்ளைகள் விடை அனுப்புகிறார்கள். பாதிக்கு மேல் வருவது இரவு எட்டுக்குப் பிறகு. அதிகாலை நான்கு மணிக்கு ஒரு விடை வந்தது. தகப்பன் கடலுக்கு வெளிக்கிட முன்னர் மகன் எழும்பிச் செய்து அனுப்பியிருக்கிறான்.

பட்டன் போன் ஐந்தில் நான்கு எஸ்எம்எஸ் அனுப்புகின்றன. போன் இல்லாத மூவருக்கும் வாரத்துக்கு ஒரு தாள் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறேன். தரம் 11க்கு வியாழன் இரவு ஏழரைக்குச் சந்தேக வகுப்பு, புத்தக அடுக்கின் மேல் போன். 19 பேர் வந்தார்கள். கிளாஸ்ரூமை அடுத்த மாதம் பார்ப்போம் என்று அதிபரிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். வெள்ளம் வந்து இரண்டு மூன்று நாள் கரண்டும் சிக்னலும் இல்லாமல் போனால் என்ன செய்வது?

பதில் – ஐ.சி.டி. சேர், கிண்ணியா

அதற்குச் செயலி இல்லை டீச்சர். மாரிக்கு முன்னரே இரண்டு கிழமைக்கான பயிற்சித் தாளை அச்சடித்து, பொலித்தீன் உறையில் போட்டு எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுத்துவிடுங்கள். குரல்பதிவுகளையும் இப்போதே பதிந்து அனுப்பி, தரவிறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை இறக்கினால் சிக்னல் இல்லாமலும் கேட்கலாம். முகாமில் ஒரு போனில் சார்ஜ் இருந்தால் பத்துப் பிள்ளைகள் சுற்றியிருந்து கேட்பார்கள். அச்சடிக்கக் கடதாசி போதாவிட்டால் சொல்லுங்கள், எங்கள் பாடசாலையில் இரண்டு கட்டு இருக்கிறது. சனிக்கிழமை மூதூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.