நடந்துகொண்டே செடிகளைப் படமெடுக்கும்போது எதை முதலில் எடுப்பது?

நடைவழி:

மலைப்பாதைகளிலும் காட்டோரங்களிலும் குழுவாக நடக்கப் போவது என் வழக்கம். வழியில் தென்படும் செடிகளைப் படமெடுத்து வருகிறேன். குழு நின்று காத்திருக்காது. ஒரு செடிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிகம். கையில் கைப்பேசி இருக்கும். சில நாட்களில் சிறிய கேமராவும், மிக அருகில் எடுக்க உதவும் 60 மி.மீ. மேக்ரோ லென்ஸும் கொண்டுபோவேன். ட்ரைபாட் தூக்க வழியில்லை.

பூ நன்றாகவே வருகிறது. ஆனால் இது என்ன செடி என்று கேட்டுப் படத்தை அனுப்பினால், விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் "இலை எங்கே?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். அதற்குள் அந்த இடத்தைவிட்டு வெகுதூரம் வந்திருப்பேன். இன்னொரு சிக்கல் சிவப்புப் பூக்கள். நேரில் இதழின் நரம்பும் மடிப்பும் தெளிவாகத் தெரிகின்றன. படத்திலோ வெறும் சிவப்புத் திட்டாக இருக்கிறது. கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் எவற்றை, எந்த வரிசையில் எடுக்கலாம்?

தழை:

நண்பரே, பூவின் அருகே குனிவதற்கு முன், செடியைக் கண்ட இடத்தில் நின்றபடியே முழுச் செடியையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அது கொடியா, புதரா, தரையோடு படர்கிறதா, பாறை இடுக்கில் நிற்கிறதா, மரக்கிளையில் ஒட்டி வளர்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு படத்தில் வந்துவிடும். அழகாக அமைய வேண்டும் என்ற கவலையே வேண்டாம். இந்தப் படத்தைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து பூவின் முகம். அதன்பின் பூவின் பக்கவாட்டும் முதுகும். முதுகுப்புறத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், சூரியகாந்திக் குடும்பத்தின் மஞ்சள் பூக்களை மேலிருந்து பார்த்தால் பலவும் ஒன்றுபோலவே இருக்கும். பூத்தலையை விரலால் மெல்லச் சாய்த்து அடியில் பாருங்கள். பச்சைநிறப் பூவடிச் செதில்கள் எத்தனை அடுக்கு, ஒட்டிக் கிடக்கின்றனவா, வெளிப்புறம் வளைந்திருக்கின்றனவா, ஓரத்தில் முடி இருக்கிறதா என்று தெரியும். தாவரவியலார் முதலில் தேடுவது அதைத்தான்.

பிறகு இலை தண்டோடு சேரும் கணு. இலைகள் எதிரெதிராக வந்திருக்கின்றனவா, மாறி மாறி வந்திருக்கின்றனவா என்பதைக் கணுவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எதிரெதிர் இலைகளாக இருந்து, இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டின்மேல் சிறிய இலையடிச் செதில் ஒன்று தெரிந்தால், காபிச் செடியின் குடும்பமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. பூவே இல்லாத நாளிலும் இவ்வளவு தூரம் வந்துவிடலாம். கடைசியாக இலையைத் திருப்பி அடிப்புறத்தை ஒரு படம். பெரணியாக இருந்தால் இதைத் தவறவிடவே கூடாது. பழுப்புப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ இருக்கும் ஸ்போர் (விதைக்குப் பதிலாக உருவாகும் நுண்துகள்) திரள்களின் வடிவமும் அமைந்திருக்கும் இடமும்தான் அதன் முகவரி.

எனக்கு மிகவும் பிடித்த செங்காந்தளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயற்கையாக வளரும் ஏறுகொடி இது. நின்றபடி மேலிருந்து எடுத்தால் நெளிந்த சிவப்பு மஞ்சள் இதழ்கள் மட்டுமே கிடைக்கும். பூவின் மட்டத்துக்கு இறங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். பூ தலைகீழாகத் தொங்குகிறது. ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே எழும்புகின்றன. ஆறு மகரந்தத்தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்கின்றன. சூலகத்தண்டு மட்டும் சூற்பையை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே செங்கோணமாகத் திரும்பி ஒரு பக்கமாக நீண்டிருக்கிறது. இந்தத் திருப்பத்தைக் கண்டபின் வேறு எந்தப் பூவோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. அப்படியே கண்ணை இலைக்குக் கொண்டுபோங்கள். இலையின் நுனி மெல்லிய கம்பிபோல நீண்டு, பக்கத்துச் சுள்ளியைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்தச் செடி ஏறுவதே இலைநுனியால்தான். சுருண்ட அந்த நுனியை நெருக்கமாக ஒரு படம் எடுத்தால், பூ உதிர்ந்த பிறகு வருபவருக்கும் அதைக் கொண்டே கொடியை அடையாளம் காட்டிவிடலாம்.

இன்னொன்று, இந்தப் பூ நிறம் மாறும். புதிதாக விரிந்தது பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். நாள் ஆக ஆக முழுச் சிவப்பாகிவிடும். இளம்பூவையும் முதிர்ந்த பூவையும் தனித்தனியாக எடுத்து வந்தால் இரண்டு வெவ்வேறு செடிகள் என்றே தோன்றும். ஆகவே ஒரே கொடியில் மொட்டு, இளம்பூ, முதிர்ந்த பூ மூன்றும் இருந்தால் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கிழங்கு முதல் விதைவரை எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால் பறித்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

எந்தச் செடியையும் பறிக்காமல், இலைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து எடுத்துப் பாருங்கள். குழம்பிய பின்னணி மறையும், ஃபோகஸ் எளிதில் பிடிக்கும், அளவும் தெரியும். படத்தில் விரல் வந்தால் குறை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஒளிக்கற்றை:

செடியைப் பற்றித் தழை சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சிவப்புத் திட்டு ஏன் வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒளியைத் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. சிவப்புப் பூவில் பச்சையும் நீலமும் குறைவு என்பதால், மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகவே கேமரா கணக்கிட்டுக்கொள்கிறது. ஆனால் சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடுகிறது. நிரம்பிய இடத்தில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை. எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). கேமராவில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலின் வரைபடம்) காட்டும் வசதி இருந்தால் சிவப்பு வளைவு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றையும் சேர்த்த ஒற்றை வளைவை நம்பாதீர்கள். கைப்பேசியில் பூவைத் தொட்டு ஃபோகஸ் வந்ததும் விரலைக் கீழே இழுத்தால் பெரும்பாலானவற்றில் வெளிச்சம் குறையும்.

வெயில் நேரடியாக விழுந்தால் உங்கள் உடம்பாலோ தொப்பியாலோ பூவின்மீது நிழல் விழச் செய்யுங்கள். மேகமூட்டமான நாள் என்றால் அந்த வேலையும் மிச்சம். வெள்ளைப் பூவுக்குக் கணக்கு வேறு. படச்சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால் கேமரா அதைச் சாம்பலாக இருட்டடிக்கும், அப்போது எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக ஒரே ஒரு வெள்ளைப் பூ என்றால் அது வெளிறிப்போகும், குறைக்க வேண்டும்.

ட்ரைபாட் இல்லாததால் 60 மி.மீ. லென்ஸில் ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல், லென்ஸ் துளையை எஃப் 8 அளவில் வைத்து, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். கைநடுக்கத்தால் கலங்கிய படத்தை மீட்க முடியாது. ஐஎஸ்ஓ கூடியதால் புள்ளிப் புள்ளியாக வந்ததை ஓரளவு சரிசெய்யலாம். கைப்பேசியில் மிக அருகே போனால் சிலவற்றில் அகலக்கோண லென்ஸுக்குத் தானாக மாறித் தரம் குறையும். சற்றுப் பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுப்பது நல்லது.

நடைவழி:

இருவருக்கும் நன்றி. முழுச் செடி, முகம், முதுகு, கணு, இலையின் அடிப்புறம் என்று வரிசையை எழுதிக்கொண்டேன். ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சமீபத்தில் ஒரு மரக்கிளையில் நான் பார்த்தேயிராத ஆர்க்கிட் ஒன்று பூத்திருந்தது. பெயர் தெரிந்துகொள்ள உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் இடத்தோடு பதிவேற்றலாமா?

தழை:

தாராளமாகப் பதிவேற்றுங்கள். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் திட்டமாகத் தொடங்கிய தளம் அது. நாளும் இடமும் சேர்ந்தால்தான் உங்கள் படம் மற்றவர்களுக்குப் பயன்படும். அழிவின் விளிம்பில் இருப்பவை என்று குறிக்கப்பட்ட இனங்களின் துல்லியமான இடத்தை அந்தத் தளமே மறைத்து, பரந்த ஒரு பகுதியை மட்டும் காட்டுகிறது. ஆனால் இனமே இன்னதென்று தெரியாதபோது அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஆகவே ஆர்க்கிட் என்றால் பதிவேற்றும்போது நீங்களே இடத்தை மறைக்கும் தேர்வைப் போட்டுவிடுங்கள்; பெயர் உறுதியானபின் மாற்றிக்கொள்ளலாம். காட்டு ஆர்க்கிட்டுகளைத் தோண்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-இல் கையெழுத்தான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இடம்பெற்றிருப்பதற்கு அந்த வணிகமே காரணம்.

நண்பர்களுக்கு அனுப்பும்போதும் கவனம் தேவை. படக்கோப்பை மூலவடிவில் அனுப்பினால் உள்ளே ஜிபிஎஸ் விவரமும் சேர்ந்தே போகும். முதலில் அதை நீக்கிவிடுங்கள். பின்னணியில் பாதைப் பலகையோ எளிதில் அடையாளம் தெரியும் பாறையோ இருந்தால் அந்தப் பகுதியையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.