கயிற்றை இழுக்கும் நாய்க்கு ஹெட்காலரா, ஹார்னஸா? சுங்கை சிப்புட் அன்பர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாய் வளர்க்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தோட்டத்து லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த பிறகுதான், நாயைக் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லும் தேவை நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. லயத்தில் இருந்தவரை நாய் தன் விருப்பப்படி செம்பனைக் காட்டில் சுற்றிவிட்டுச் சோற்று வேளைக்குத் திரும்பிவிடும். தாமானில் அப்படி விட முடியாது. ஆகவே, இழுக்கும் நாய்க்குத் தலையில் மாட்டும் ஹெட்காலரா, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸா, எந்தப் பட்டை பொருந்தும் என்பதை அவரவர் அனுபவத்தோடு இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னுடையதை எழுதுகிறேன்.

எங்கள் பைரவன் அல்சேஷன் கலப்பு. எடை 30 கிலோவுக்குக் குறையாது. எனக்கோ வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. எதிர் வரிசையில் குடியிருக்கும் மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள் மாலையில் சைக்கிளில் வருவதைக் கண்டால் அவன் வாலை ஆட்டிக்கொண்டு பாய்வான். அவன் அன்பினால்தான் பாய்கிறான் என்பது உண்மையே. ஆயினும் நாயின் எச்சில் மேலே பட்டுவிட்டால், ஒரு தடவை மண் கலந்த நீரையும் சேர்த்து ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது அவர்களுடைய சமய முறை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடத்தை ஏற்படுத்தாமல் அவனை நடத்திச் செல்வது என் பொறுப்பு என்று கருதுகிறேன்.

நாய் இழுக்கும்போது அந்த விசை அதன் உடம்பில் எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாரணக் கழுத்துப்பட்டையில் அது முழுவதும் தொண்டையில் விழுகிறது. கழுத்துப்பட்டையோடு நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடுவதையும், ஹார்னஸ் அணிந்து இழுக்கும்போது அவ்வாறு கூடாததையும் 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண் நீர் அழுத்த நோய் உள்ள நாய்களுக்கும், மூச்சுக்குழாய் பலவீனமான சிறிய நாய்களுக்கும் கழுத்தில் கயிறு கட்டக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ் தொண்டையைக் காப்பாற்றுகிறது. ஆனால் இழுப்பதை நிறுத்துவதில்லை. நுகத்தடி தோளில் அமர்ந்தால் காளை முழு பலத்தையும் போட்டு இழுக்கும். அதே காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்த ஒரு சிறுவன் திருப்பிவிடுவான். முதுகு வளைய ஹார்னஸுக்கும் ஹெட்காலருக்கும் உள்ள வேறுபாடு அதுவே. ஆனால் ஹெட்காலரில் மூக்கைத் துளைப்பதும் இல்லை, குத்துவதும் இல்லை. காதுகளுக்குப் பின்னால் ஒரு பட்டையும் மூக்குத்தண்டைச் சுற்றி ஒரு வளையமும் இருக்கும்; கயிறு தாடைக்குக் கீழே மாட்டப்படும். தலை திரும்பினால் உடம்பும் திரும்பியாக வேண்டும் என்பதால் பெரிய நாயையும் சிறு விசையால் நடத்த முடிகிறது. இங்கிலாந்தின் விலங்கு நடத்தை வல்லுநர் ரோஜர் மக்ஃபோர்ட் உருவாக்கிய ஹால்ட்டியும், அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆர்.கே. ஆண்டர்சன் ரூத் ஃபாஸ்டருடன் சேர்ந்து உருவாக்கிய ஜென்டில் லீடரும் இவ்வகையில் பெயர் பெற்றவை.

பைரவனுக்கு ஹெட்காலரையே தேர்ந்தெடுத்தேன். வாங்கிய அன்றே மாட்டி வெளியே அழைத்துச் செல்லவில்லை. வளையத்தை ஒரு கையில் விரித்துப் பிடித்து, அதற்கு அப்பால் அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டை நீட்டுவேன். மூக்கை நுழைத்தால்தான் ஈரல் கிடைக்கும். முதலில் மூக்கின் நுனியை மட்டும் விட்டு, ஈரலைக் கவ்விக்கொண்டு பின்வாங்கினான். பிறகு ஈரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். வளையத்தைக் கண்டவுடன் தானாகவே மூக்கைக் கொண்டுவந்து நுழைக்கும் நிலை வந்த பின்னரே காதுக்குப் பின்னால் உள்ள கொக்கியை மாட்டினேன். அப்போதும் முன்னங்காலால் மூக்கைப் பிறாண்டினான். பெரும்பாலான நாய்கள் தொடக்கத்தில் அப்படிச் செய்வது இயல்பே. அந்த நேரத்தில் அதட்டாமல், கையில் தீனியோடு நான்கு அடி நடக்க வைத்தால் பிறாண்டுவதை மறந்துவிடும்.

அளவு பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜென்டில் லீடர் வகையில் கழுத்துப் பட்டை காதுகளுக்கு நேர் பின்னால், கழுத்தின் உச்சியில் அமர வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். அந்தப் பட்டை தளர்ந்து கீழே இறங்கினால் மூக்கு வளையம் முன்னால் நழுவி விழுந்துவிடும். மூக்கு வளையமோ தளர்வாகவே இருக்க வேண்டும். ஈரமான மூக்கு தொடங்கும் இடம் வரை அது நகரலாம், கழன்று வரக்கூடாது. நாய் வாயை அகலத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெக்கையில் நாய் தன் உடம்பைக் குளிர்வித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த மூச்சிரைப்பினால்தான்.

லாரி ஓட்டுநர்:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். எங்கள் மணி கம்போங் நாய், அதாவது நாட்டு நாய். உடம்பு சிறியது, வேகம் பெரியது. செம்பனை ஓரத்தில் உடும்பைப் பார்த்தாலும், மரத்தில் குரங்கைப் பார்த்தாலும் ஒரே பாய்ச்சலாகப் பாய்வாள். இப்படித் திடீரென்று பாயும் நாய்க்கு ஹெட்காலர் மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனைக்கு வரும்போது தலை மட்டும் வெடுக்கென்று திரும்பினால் கழுத்துக்கு ஆகாது. இதே காரணத்துக்காக, நீண்டு சுருங்கும் சுருள் கயிற்றையும் ஹெட்காலரோடு சேர்க்கவே கூடாது.

மணிக்கு மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் வாங்கினேன். அவள் முன்னால் பாய்ந்தால் கயிறு மார்பிலிருந்து பக்கவாட்டில் இழுபடுவதால், உடம்பு என் பக்கம் திரும்பி வேகம் குறைகிறது. இழுப்பது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி குறைந்தாலே என் தோளுக்கு நிம்மதிதான்.

வாங்கும்போது நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். மார்பின் குறுக்கே நேராகச் செல்லும் பட்டையை நான் தவிர்த்தேன். அது தோள் மூட்டின் மேலேயே கிடக்கிறது. ஆங்கில ஒய் எழுத்து வடிவில் மார்பெலும்பின் மேல் இறங்கும் பட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வகைகளுமே தோளின் நீட்சியைக் குறைத்தன என்று தெரிந்துகொண்ட பிறகு, பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் நாயின் நடையைப் பார்த்தே முடிவு செய்கிறேன். பட்டை மாட்டியதும் அடி குறுகினால் அது அந்த நாய்க்குப் பொருந்தவில்லை.

மழையில் நனைந்த நைலான் பட்டை அக்குளைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, அக்குளில் முடி உதிர்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்வதற்கும் பட்டையின் அடிப்பகுதி வசதியான இடம். பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போன்ற தடித்த ஹார்னஸ் நம் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

தையல் கடை வைத்திருப்பவர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு ஹார்னஸில் மார்பு வளையத்தை ஒற்றைத் தையலில் பிடித்திருந்தார்கள், சாலையோரத்திலேயே பிரிந்துவிட்டது. வளையம் உலோகமாக இருக்கிறதா, அதைச் சுற்றிப் பெட்டி வடிவத்தில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். பயந்த நாய் பின்வாங்கினால் ஹார்னஸிலிருந்தும் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடக்கூடும். அதனால் ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப்பட்டையையும் இணைக்கும் சிறிய துண்டு வார் ஒன்றை எப்போதும் மாட்டி வைக்கிறேன்.

கல்லூரி மாணவி:

எங்களிடம் இருப்பது பக் கலப்பு. மூக்கே இல்லாத முகத்தில் ஹெட்காலரின் வளையம் எதைப் பிடித்து நிற்கும்? தட்டை முக நாய்களுக்கு ஹெட்காலர் பொருந்தாது என்று ஈப்போவில் மருத்துவரும் சொல்லிவிட்டார். இவளுக்கு ஹார்னஸ் ஒன்றே வழி.

தோட்டத்து முன்னாள் காவலாளி:

தோட்டத்துக் காவலில் நாங்கள் அறிந்ததெல்லாம் இறுகும் சங்கிலிதான். அது வலியைக் காட்டி நாயை நிறுத்துகிறது. கழுத்து நரம்புக்கும் மூச்சுக்குழாய்க்கும் கேடு விளைவிக்கிறது. இன்றைய பிள்ளைகள் அதை வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. என் கேள்வி வேறு. மகளின் நாய்க்கு ஹெட்காலர் மாட்டி நடந்தால், எதிரே வருகிறவர்கள் அது கடிக்கிற நாய் என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். இதற்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொல்வது இங்கே நாள்தோறும் நடக்கிறது. என்னிடம் கேட்பவர்களுக்கு, பைரவன் அதே பட்டையோடு தண்ணீர் குடிப்பதையும் தீனி தின்பதையும் காட்டுகிறேன். இதன் மறுபக்கத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஹெட்காலர் அணிந்த நாயாலும் கடிக்க முடியும். கடிக்கும் பழக்கமுள்ள நாய்க்கு, மூச்சிரைக்க இடம் விடும் கூடை வடிவ வாய்க்கவசமே வேண்டும். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் பரவியதை நினைத்தால், ஊரார் அஞ்சுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுப்பூசி அட்டையையும் நகராண்மைக் கழக உரிமத்தையும் சரியாக வைத்திருந்தால், கேட்பவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம்.

லாரி ஓட்டும் தம்பியின் கருத்தையும் ஏற்கிறேன். ஓடிப் பாயும் நாய்க்கு மார்பு வளைய ஹார்னஸ். பிடிப்பவரைவிட நாய் பலசாலியாகவும் மெதுவாக இழுப்பதாகவும் இருந்தால் ஹெட்காலர். இரண்டு முனையிலும் கொக்கி உள்ள கயிறு கிடைத்தால் ஒன்றை ஹெட்காலரிலும் மற்றொன்றை ஹார்னஸிலும் மாட்டலாம். சாதாரண நடைக்கு ஹார்னஸைப் பிடித்துக்கொண்டு, எதிரே கோழியோ மோட்டார் சைக்கிளோ வரும்போது மட்டும் தலைப் பக்கத்தை மெல்லத் திருப்பினால் போதும். எந்த நிலையிலும் வெட்டி இழுக்கக்கூடாது.

பட்டை எதுவாக இருந்தாலும், கயிறு இறுகியவுடன் நான் நின்றுவிடுவேன். அவன் திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்த பிறகே அடுத்த அடி வைப்பேன். தொய்ந்த கயிற்றோடு என் இடப்பக்கம் நடந்தால் ஈரல் துண்டு உண்டு. வீட்டில் ஒருவர் நின்று, மற்றொருவர் இழுக்கவிட்டுக்கொண்டே நடந்தால் நாய்க்கு எதுவும் புரியாது. என் பேரனுக்கும் இதே முறையைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் பைரவனின் நடை சீரானது. இப்போது காலை நேரத்தில், சாலையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும்போது, ஹார்னஸ் மட்டும் மாட்டி அழைத்துச் செல்கிறேன். மாலை நடைக்கு ஹெட்காலர் தொடர்கிறது.

அடுத்து எழுதுகிறவர்கள் நாயின் எடை, மார்புச் சுற்றளவு, அது எதைக் கண்டு இழுக்கிறது என்ற மூன்றையும் குறிப்பிட்டால், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும். பைரவனின் மார்புச் சுற்றளவை நாளைக் காலை அளந்து இங்கே எழுதுகிறேன்.